இறக்கத்து வலியும் இராத்திரிக் குளிசையும்

கொலஸ்ட்ரோலுக்குக் குளிசை போடுகிறவர்கள் மலையேறக் கூடாது, வேகமாக நடக்கக் கூடாது, அந்தக் குளிசை சதையைத் தின்றுவிடும். இந்தப் பேச்சு எங்கள் பக்கத்தில் எங்கே போனாலும் காதில் விழுகிறது. ஹட்டன் பஸ் நிலையத்தில் கேட்டிருக்கிறேன், கோயில் திருவிழாவில் கேட்டிருக்கிறேன், பாடசாலை ஓய்வறையிலும் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் கேட்டுக்கொண்டு போகிறவர் வீட்டில் இரண்டில் ஒன்றை விட்டுவிடுகிறார். சிலர் குளிசையை, சிலர் நடையை. இரண்டுமே வேண்டிய உடம்புக்கு எதை விட்டாலும் நட்டம்தான். நானும் சில வருடமாக இரவில் ஒரு ரோசுவாஸ்டாட்டின் போடுகிறவள். கொட்டகலைக்குக் கிட்ட ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். காலையில் பாடசாலைக்கு இறங்க வேண்டும், பின்னேரம் வீட்டுக்கு ஏற வேண்டும். உடற்பயிற்சி செய்யலாமா வேண்டாமா என்று யோசித்து முடிவெடுக்கிற வசதி மலையில் இருப்பவர்களுக்குக் கிடையாது. தண்ணீர் எடுக்கப் போனாலும் ஏற்ற இறக்கம், பிள்ளையை நர்சரியில் விடப் போனாலும் ஏற்ற இறக்கம். அதனால் "நடக்காதீங்க" என்று இங்கே ஒருவருக்குச் சொல்வது சின்ன விஷயமில்லை.

போன யாத்திரைக் காலத்தில் என் அண்ணனுக்கு நடந்ததைப் பார்த்த பிறகு இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

அண்ணன் கொழும்பில் கடை வைத்திருக்கிறார். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர்தான், ஆனால் பதினேழு வயதில் கொழும்புக்குப் போனவர். நாள் முழுக்கக் கடைக்குள் நிற்பது, இரவு ஆட்டோவில் வீட்டுக்கு வருவது, இதுதான் அவருடைய வாழ்க்கை. நெஞ்சு வலி வந்து, இருதயக் குழாயைத் திறந்து வைக்கிற ஸ்டென்ட் வைத்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அன்றிலிருந்து கொலஸ்ட்ரோலுக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம், கூடவே இரத்தம் உறையாமல் இருக்கிற குளிசைகள். சிவனொளிபாதமலைக்குப் போவதாக ஆஸ்பத்திரியிலேயே நேர்ந்துகொண்டாராம். சும்மா கிளம்பி வரவில்லை. இருதய டொக்டரிடம் கேட்டு, ட்ரெட்மில்லில் ஓடவிட்டு ஈசிஜி எடுக்கிற பரிசோதனையும் செய்து, மெதுவாக ஏறினால் போகலாம் என்ற பதிலோடுதான் வந்தார். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற குளிசையும் சட்டைப் பையில் இருந்தது.

மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போய் இரவோடு இரவாக ஏறினோம். 2,243 மீற்றர் உயரமான மலை அது. அந்தப் பாதையில் ஏறத்தாழ 5,500 படி என்று சொல்வார்கள். அண்ணன் ஏறியதைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன். பேசிக்கொண்டே ஏறினார், மூச்சு வாங்கினால் நின்றார், சீத கங்குல ஓடையில் முகம் கழுவினார், கடைகளில் இஞ்சிப் பிளேன்டீ குடித்தார். விடியும் முன்னே உச்சிக்குப் போய்விட்டோம். அவர் மணியை அடித்தபோது அழுதார், நானும் அழுதேன். நெஞ்சில் ஒரு சின்னக் குத்தல்கூட இல்லை. இருதயம் அந்தப் பரீட்சையில் முழுசாகத் தேறிவிட்டது. பிரச்சினை இறங்கும்போதுதான் ஆரம்பித்தது. பாதி இறக்கத்திலேயே தொடை நடுங்கத் தொடங்கியது. கீழே நல்லதண்ணிக்கு வந்து சேர்ந்தபோது என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் பஸ்ஸில் ஏறினார்.

மறுநாள் நான் வழக்கம்போல பாடசாலைக்குப் போனேன். அண்ணன் வாசற்படியில் இறங்க முடியாமல் சுவரைப் பிடித்துப் பின்பக்கமாக இறங்கினார். அதற்கடுத்த நாள் இன்னும் மோசம். தொடையைத் தொட்டாலே கத்தினார். அண்ணி கொழும்பிலிருந்து போன் எடுத்து, "நான் அப்பவே சொன்னேனே, அந்தக் கொலஸ்ட்ரோல் குளிசைதான், முதல்ல அத நிப்பாட்டுங்க" என்றார். பக்கத்து வீட்டில் அப்படியே சொன்னார்கள். சின்னம்மாவும் அப்படியே சொன்னார். அண்ணன் அன்றிரவே குளிசையை நிறுத்திவிட்டார். ஸ்டென்ட் வைத்த ஒருவர் தன் பாட்டுக்கு நிறுத்துகிற குளிசை அது இல்லை என்று நான் சொன்னது எடுபடவில்லை. ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. நானும் அதே வகைக் குளிசை போடுகிறேன், அதே இரவில் அதே படிகளில் ஏறி இறங்கினேன். எனக்கு ஏன் ஒன்றும் இல்லை?

"எப்ப மலை இறங்கினீங்க?"

ஹட்டனில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் கொடுத்தோம். தசை காயப்பட்டால் இரத்தத்தில் கூடுகிற கிரியேட்டின் கைனேஸ் என்கிற நொதியைப் பார்க்கிற பரிசோதனை. இங்கே எல்லாரும் சி.பி.கே. என்பார்கள். ஆய்வுகூடத்தின் தாளில் 200 வரை இருக்கலாம் என்று போட்டிருந்தது. அண்ணனுடையது 1,400ஐத் தாண்டியிருந்தது. அந்தத் தாளைப் பார்த்ததும் வீட்டில் எல்லாரும் குளிசையைத்தான் பார்த்தார்கள். அண்ணன் தன் போனில் தேடி, தசை உடைந்து சிறுநீரகம் பழுதாகும் என்று படித்துவிட்டு முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

அந்தத் தாளோடு ஒரு டொக்டரிடம் போனோம். இளம் பெண் பிள்ளை. தாளைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். மருந்தைப் பற்றி எதுவும் கேட்க முதல், "ஐயா, எப்ப மலை இறங்கினீங்க? எப்ப இரத்தம் குடுத்தீங்க?" என்று கேட்டார். இறங்கி மூன்றாம் நாள் என்றதும் தலையை ஆட்டினார். பிறகு அடுத்தடுத்துக் கேள்விகள். மூத்திரம் என்ன நிறத்தில் போகிறது? பிளேன்டீ மாதிரி கறுத்துப் போனதா? அளவு குறைந்ததா? காய்ச்சல் இருந்ததா? மலைக்குப் போக முதல் இந்த வலி இருந்ததா? கையிலும் தோளிலும் இருக்கிறதா, தொடையில் மட்டும்தானா? வலிக்கிறதா, இல்லை பலமே இல்லாமல் போய்விட்டதா? புதிதாக வேறு மருந்து ஏதாவது, அன்டிபயோட்டிக் ஏதாவது எடுத்தாரா? எல்லாவற்றுக்கும் பதில் கேட்டுவிட்டு, "இது எங்கட மலை செஞ்ச வேலை மாதிரித்தான் தெரியுது, ஆனாலும் சும்மா விட ஏலாது" என்றார். சிறுநீரகத்துக்கு இரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கச் சொன்னார். இரண்டும் சரியாக இருந்தன. காலுக்கு ஓய்வு, தண்ணீர் நிறைய, வலிக்குப் பரசிட்டமோல் போதும், தானாக வேறு வலிக் குளிசை வாங்கிப் போடக் கூடாது. அப்புறம் எங்கள் முன்னாலேயே கொழும்பிலுள்ள இருதய டொக்டரோடு போனில் பேசினார். இருவருமாகச் சேர்ந்து, அன்றிரவே அட்டோர்வாஸ்டாட்டினை மறுபடி தொடங்கச் சொல்லி, ஒரு வாரம் கழித்து மறுபடி இரத்தம் பார்க்கச் சொன்னார்கள்.

குளிசையைத் தொடர்ந்து போட்டுக்கொண்டிருந்தபோதே அந்த எண் இறங்கியது. ஒரு வாரத்தில் நானூறுக்குள் வந்தது, பிறகு வழமைக்கு வந்தது. வலியும் அதற்கு முன்பே போய்விட்டது. குளிசைதான் காரணம் என்றால் இப்படி இறங்கியிருக்குமா? அந்த டொக்டர் கேட்ட முதல் கேள்வி இல்லாவிட்டால் அண்ணன் இன்றைக்கு அந்த மருந்து இல்லாமல்தான் இருந்திருப்பார். ஸ்டென்ட் வைத்த இடத்தைத் தவிர மற்ற இரத்தக் குழாய்களிலும் கொழுப்புப் படிவு இருக்கும், அது வெடிக்காமல் உறுதியாக வைத்திருப்பதில் இந்தக் குளிசைக்குப் பெரிய பங்கு உண்டு என்று அவரிடம் முதன்முதலில் நிதானமாகச் சொன்னதும் அந்தப் பிள்ளைதான்.

ஏற்றம் ஒரு வேலை, இறக்கம் வேறு வேலை

அதற்குப் பிறகு கிடைத்த நேரத்திலெல்லாம் இதைப் பற்றி வாசித்தேன், தெரிந்த டொக்டர்மாரிடம் கேட்டேன். மலையில் பிறந்தவர்களுக்கு இது சின்ன வயதிலேயே பாடமாக வந்திருக்க வேண்டிய விஷயம். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பை மேலே தூக்குகிறது. மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, பாரம் இருதயத்தில் விழுகிறது. இறங்கும்போது இருதயத்துக்குப் பெரிய வேலையில்லை. ஆனால் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். கினிகத்தேனை இறக்கத்தில் பஸ் முழுத் தூரமும் பிரேக்கில் நிற்பது போலத்தான். நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கும்போது தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. வலி அந்த நேரத்தில் பெரிதாகத் தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சத்துக்குப் போகும், ஒரு வாரத்துக்குள் அடங்கும். தசையிலிருந்து கசிகிற அந்த நொதியும் அதே போலச் சில நாளுக்கு இரத்தத்தில் உயர்ந்து நிற்கும். குளிசையே போடாத ஒரு இளைஞன் பழக்கமில்லாமல் 5,500 படி இறங்கினாலும் இது நடக்கும்.

ஒரு தரம் அப்படிக் காயப்பட்டு ஆறிய தசை அடுத்த தரம் அவ்வளவு காயப்படாது. இறக்கத்துக்குப் பழகிய தசைக்குச் சில வாரங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கும். எனக்கு ஏன் வலிக்கவில்லை என்பதற்குப் பதில் இதுதான். நான் தினமும் பாடசாலைக்கு இறங்குகிறவள். அண்ணன் எத்தனையோ வருடம் சமதரையில் நின்றவர். ட்ரெட்மில் பரிசோதனை அவருடைய இருதயத்தைத்தான் சோதித்தது. ட்ரெட்மில்லில் ஏற்றம் வைக்கலாம், இறக்கத்தை அங்கே யாரும் வைத்துப் பார்ப்பதில்லை. தொடையைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

அப்படியென்றால் குளிசைக்கும் தசைக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. நானும் அண்ணனும் போடுகிற ஸ்டாட்டின் வகை மருந்துகள் ஈரல் கொலஸ்ட்ரோல் செய்கிற வழியில் ஒரு முக்கியமான நொதியைத் தடுக்கின்றன. சிலருக்கு அது தசையைத் தொந்தரவு செய்யும். தசை பெருமளவில் உடைந்து சிறுநீரகத்தை அடைக்கிற ஆபத்தான நிலையும் உண்டு, மிக மிக அரிது. செரிவாஸ்டாட்டின் என்கிற ஒரு மருந்தில் அது கூடுதலாக வந்து ஆட்கள் இறந்ததால் 2001இல் உலகச் சந்தையிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள். இன்று நாம் போடுகிற மருந்து அது இல்லை, ஆனால் அந்தப் பயம் மட்டும் வாய்வழியாக மிச்சமிருக்கிறது என்று நினைக்கிறேன்.

எத்தனை பேருக்கு உண்மையில் வலி வருகிறது? 2022இல் லான்செட் இதழில் வந்த பெரிய ஆய்வு ஒன்று, ஸ்டாட்டினையும், பார்க்க அதே மாதிரி இருந்தும் மருந்தே இல்லாத வெறும் குளிசையையும் ஒப்பிட்ட 19 பரிசோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். யார் எதைப் போடுகிறார் என்று அவர்களுக்கே தெரியாது. நான்கு வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்ததில் ஸ்டாட்டின் போட்டவர்களில் 27.1 சதவீதம் பேருக்குத் தசை வலியோ பலவீனமோ வந்தது. வெறும் குளிசை போட்டவர்களில் 26.6 சதவீதம் பேருக்கும் அதே வலி வந்தது. வித்தியாசம் பெரும்பாலும் முதல் வருடத்தில்தான். அதாவது தசை வலி என்பது அந்த வயதில் பொதுவாகவே நாலில் ஒருவருக்கு வருகிற ஒன்று. அதில் மிகச் சிறிய பங்குக்குத்தான் குளிசை பொறுப்பு.

இன்னொரு ஆய்வு என்னை அதைவிட யோசிக்க வைத்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில், பக்க விளைவு தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேரை எடுத்தார்கள். ஒரு வருடத்தில் நான்கு மாதம் ஸ்டாட்டின், நான்கு மாதம் வெறும் குளிசை, நான்கு மாதம் ஒன்றுமே இல்லை, மாற்றி மாற்றி. 2020இல் முடிவு வந்தது. ஸ்டாட்டினில் வந்த தொந்தரவில் பத்தில் ஒன்பது பங்கு வெறும் குளிசையிலும் வந்திருந்தது. இதைப் படித்துவிட்டு "எல்லாம் மனப்பிரமை" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அந்த மக்களுக்கு வலித்தது உண்மை. ஆனால் "இது சதையைத் தின்னும்" என்று நாலு பேர் சொல்லக் கேட்டுவிட்டு வாயில் போடுகிற குளிசை, அந்தப் பேச்சையும் சேர்த்துத்தான் உள்ளே கொண்டு போகிறது. தங்களுடைய முடிவைப் பார்த்த பிறகு அந்த 60 பேரில் பாதிப் பேர் மறுபடி மருந்தைத் தொடங்கினார்கள். அண்ணனுக்கு நான் முதலில் சொன்னது இந்தப் பாதிப் பேரைப் பற்றித்தான்.

சமதரை ஆய்வுகளும் நம் படிகளும்

நடை என்று வரும்போது நெதர்லாந்திலிருந்து நல்ல செய்தி இருக்கிறது. நைமேகன் என்ற ஊரில் வருடா வருடம் நான்கு நாள் நடைப் பயணம் நடக்கும். நாளைக்கு 30, 40 அல்லது 50 கிலோமீற்றர் நடப்பார்கள். அதில் நடந்தவர்களில் ஸ்டாட்டின் போட்டு வலி இருப்பவர்கள், ஸ்டாட்டின் போட்டும் வலி இல்லாதவர்கள், ஸ்டாட்டினே போடாதவர்கள் என்று மூன்று கூட்டத்தை ஒப்பிட்டு 2023இல் வெளியிட்டார்கள். நடையால் தசை நொதிகள் மூன்று கூட்டத்திலும் ஒரே மாதிரித்தான் கூடின. குளிசை போட்டதால் நடை கூடுதல் சேதம் செய்யவில்லை. நாளுக்கு 30 கிலோமீற்றர் நடந்தவர்களுக்கே இப்படி என்றால் நம் அரை மணி நேர நடைக்கு என்ன பயம்?

ஆனால் நெதர்லாந்து சமதரை நாடு. அங்கே வந்த முடிவை அப்படியே தூக்கி நம் படிகளில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. பொஸ்டன் மரதனில் ஓடியவர்களைப் பார்த்த வேறொரு ஆய்வு இருக்கிறது. அந்தப் பாதை தொடங்கும் இடத்தைவிட முடியும் இடம் தாழ்வானது, ஓட்டமும் கடுமையானது. அதில் ஸ்டாட்டின் போட்டவர்களின் சி.பி.கே. மற்றவர்களைவிடக் கூடுதலாக உயர்ந்தது, வயது கூடக் கூட வித்தியாசமும் கூடியது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்குப் புரிவது இதுதான்: பழகிய நடையில் பயப்பட ஒன்றுமில்லை. பழகாத கடும் இறக்கத்திலும் திடீர் ஓட்டத்திலும்தான் குளிசை போடுகிறவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். டொக்டர் விளக்கியதும் கிட்டத்தட்ட இதையேதான்.

அண்ணனுக்கு நாங்கள் செய்த ஏற்பாடு பஸ்ஸை நம்பியது. அவர் இங்கே வந்து நிற்கும் நாட்களில் பிரதான வீதியில் ஏற்றத்தை மெதுவாக நடந்து ஏறுவார், இறங்குவதற்கு பஸ்ஸோ ஆட்டோவோ. ஏறும்போது வேகத்துக்கு அளவு பேச்சுதான். பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கலாம். நெஞ்சு இறுகினால், தாடைக்கோ கைக்கோ வலி பரவினால், தலை சுற்றினால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். அது தசைப் பிரச்சினை இல்லை, இருதயப் பிரச்சினை. நின்றும் அடங்காவிட்டால் நேரே ஆஸ்பத்திரிக்கு. குளிர் காற்றில் விடியற்காலை ஏறினால் நெஞ்சு வலி வர வாய்ப்பு கூடும் என்பதால் வெயில் ஏறிய பிறகுதான் நடை. சில வாரம் போனதும் இறக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தோம். முதலில் லயத்துப் படிகள், பிறகு கோயில் இறக்கம், அதற்குப் பிறகு அரை வழி. ஒரு நாள் இறங்கினால் அடுத்த நாள் காலுக்கு விடுமுறை. கொழும்பில் இருக்கும்போது தன் தொடர்மாடிப் படிகளிலேயே இறங்கிப் பழகுகிறார், லிஃப்டில் ஏறி நடந்து இறங்குகிறார்.

இறக்கத்தை வெறும் ஆபத்தாகவும் பார்க்கக் கூடாது. ஆஸ்திரியாவின் மலைப் பகுதியில் ஒரு அழகான ஆய்வு செய்திருக்கிறார்கள். ஆட்களை ஒரு கட்டத்தில் மலையேறவிட்டு கேபிள் காரில் இறக்கினார்கள், இன்னொரு கட்டத்தில் கேபிள் காரில் ஏற்றி நடந்து இறங்கவிட்டார்கள். கெட்ட கொலஸ்ட்ரோல் இரண்டிலும் குறைந்தது. ட்ரைகிளிசரைட் என்கிற இரத்தக் கொழுப்பு, நடந்து ஏறிய கட்டத்தில் குறைந்தது. சாப்பிட்ட சீனியை உடம்பு கையாளும் திறமை, நடந்து இறங்கிய கட்டத்தில் கூடியது. நமக்குக் கேபிள் கார் இல்லை, அரசாங்க இ.போ.ச. பஸ் இருக்கிறது. சீனி வருத்தமும் (நீரிழிவு) கொலஸ்ட்ரோலும் சேர்ந்தே இருக்கிற வீடுகள் எங்கள் தோட்டங்களில் நிறைய. இறக்கத்தைப் பழக்கி எடுத்தால் அதிலும் இலாபம் உண்டு.

உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு வாரத்துக்கு குறைந்தது 150 நிமிடம் மிதமான பயிற்சி. எங்கள் பக்கத்தில் அதற்குச் சமதரை தேடினால் கிடைப்பது தோட்டத்து மைதானம்தான். ரயில் பாதையும் மட்டமாக இருக்கும் என்று பலர் அதில் நடக்கிறார்கள். மூடுபனியில் ரயில் வருவது தெரியாது, தயவு செய்து வேண்டாம். மழைக் காலத்தில் வீட்டுக்குள்ளேயே கதிரையில் உட்கார்ந்து எழும்புவது போதும், அதிலும் மெதுவாக உட்காருவது தொடைக்கு இறங்கும் பயிற்சிதான். காய்ச்சல், வயிற்றோட்டம் இருக்கும் நாட்களில் எந்தப் பயிற்சியும் வேண்டாம். குளிரில் தாகம் தெரியாது, அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் ஏறக் கூடாது. முக்கியமாக ஒன்று: பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் அதற்கு முந்தைய சில நாட்களில் புதிதாகக் கடுமையான வேலை எதுவும் வேண்டாம். செய்திருந்தால் அதை டொக்டரிடம் சொல்லுங்கள், கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

மருந்தோடு மருந்து மோதுவதையும் சொல்ல வேண்டும். நெஞ்சுச் சளிக்குச் சில வேளை எழுதுகிற கிளாரித்ரோமைசின் போன்ற அன்டிபயோட்டிக் அட்டோர்வாஸ்டாட்டினையும் சிம்வாஸ்டாட்டினையும் இரத்தத்தில் கூட்டிவிடும். குளிரில் சளி பிடிப்பது எங்களுக்குச் சாதாரணம், வேறு வேறு இடத்தில் மருந்து எடுப்பதும் சாதாரணம். கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டு போய்க் காட்டினால் போதும். ரோசுவாஸ்டாட்டின் ஆசிய மரபினரின் இரத்தத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு அளவில் நிற்கிறது, அதனால்தான் நம் ஆட்களுக்கு 5 மில்லிகிராமில் தொடங்குவது வழக்கம். யாரோ வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பெரிய அளவுக் குளிசையைக் கேட்காமல் போடக் கூடாது.

வேலையே பயிற்சியாக இருக்கிறவர்கள்

இவ்வளவும் எழுதியது அண்ணனைப் போன்றவர்களுக்கு. அவர்களுக்கு நடை என்பது கூட்டவும் குறைக்கவும் முடிகிற ஒன்று. தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்ணுக்கு அது அவள் கையில் இல்லை. அவளுடைய பயிற்சியைத் தீர்மானிப்பது கிலோக் கணக்கு. பறித்தது குறைந்தால் அரைப் பேருதான், அதாவது அரை நாள் சம்பளம்தான், விழும். கால் வலிக்கிறது, இன்றைக்கு இறக்கம் வேண்டாம் என்று சொல்ல முடியாது. சரிவில் பாரத்தோடு இறங்குவது அவளுக்குத் தினசரி வேலை. அதனால்தான் அவளுடைய வலியை "மலையில வேலை செய்யுற காலு, வலிக்கத்தானே செய்யும்" என்று எல்லாரும் சுலபமாகத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு இது ரொம்ப மனவருத்தம். அண்ணனுக்கு மலையின் வலி குளிசையின் மேல் விழுந்தது. இவர்களுக்கு உண்மையான நோயின் வலிகூட மலையின் மேல் விழுகிறது.

எங்கள் லயத்து வரிசையில் ஒரு அக்கா இருக்கிறார், ஐம்பதைத் தாண்டியவர், இன்னும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறார். கிளினிக்கில் அட்டோர்வாஸ்டாட்டின் கொடுத்திருந்தார்கள். அண்ணன் கதையைக் கேட்டுவிட்டு, "அப்ப எனக்கும் மலைதானே டீச்சர்?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை, ஏனென்றால் அவர் சொன்ன வலி வேறு மாதிரி இருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் இறங்கிப் பழகிய கால் அது. புதிய வேலை எதுவும் செய்யவில்லை. குளிசை தொடங்கி ஒரு மாதம் போல ஆனதும் இரண்டு தொடையிலும் இடுப்பிலும் ஒரே மாதிரிக் கடுப்பு. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாத நாளிலும் குறையவில்லை. குந்தியிருந்து எழும்பக் கையை ஊன்ற வேண்டியிருந்தது. கொழுந்துச் சாக்கைத் தூக்கக் கை உயரவில்லை. கேட்கக் கேட்க இன்னும் வந்தது: எப்பவும் சோர்வு, மற்றவர்களைவிடக் குளிர், உடம்பு ஊதிப்போனது, குரல் கரகரத்தது.

கிளினிக்கில் வரிசை நீளம், ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடம். அந்த நேரத்தில் அக்கா "கால் வலி" என்று மட்டும்தான் சொல்லுவார், பனடோல் வாங்கிக்கொண்டு வருவார். அதனால் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினேன். எந்த மாதம் குளிசை தொடங்கியது, வலி எப்போது வந்தது, எங்கே, ஓய்வு நாளில் எப்படி, எழும்ப முடிகிறதா, மூத்திரத்தின் நிறம் என்ன, வேறு என்ன மருந்து எடுக்கிறார், நாளுக்கு எத்தனை மணி நேரம் சரிவில் நிற்கிறார். அதைக் கிளினிக் கொப்பிக்குள் ஒட்டி, டொக்டர் பார்க்க முதல் நீங்களே திறந்து காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

டொக்டர் அதை வாசித்துவிட்டு அக்காவைக் கதிரையில் உட்காரவைத்துக் கையை ஊன்றாமல் எழும்பச் சொல்லிப் பார்த்தாராம். சி.பி.கே.யோடு தைரொயிட்டுக்கும் இரத்தம் எழுதினார். தைரொயிட் சுரப்பு மிகவும் குறைந்திருந்தது. தைரொயிட் குறைந்தாலே தசை வலிக்கும், பலம் குறையும், கொலஸ்ட்ரோலும் தானாகக் கூடும். அந்த நிலையில் ஸ்டாட்டினும் சேர்ந்தால் தசைக்கு இன்னும் கஷ்டம். டொக்டர் ஸ்டாட்டினைத் தற்காலிகமாக நிறுத்தி, அந்தச் சுரப்பை ஈடுசெய்கிற தைரொக்சின் குளிசையைத் தொடங்கினார். சில மாதத்தில் கை ஊன்றாமல் எழும்ப முடிந்தது. கொலஸ்ட்ரோலும் முன்பைவிடக் குறைந்திருக்கிறது, ஆனால் பிரஷரும் இருப்பதால் முழுசாக விட்டுவிட முடியாது என்று சொல்லியிருக்கிறார்கள். சிறிய அளவில் வேறு ஸ்டாட்டினைத் தொடங்கலாமா என்று அடுத்த கிளினிக்கில் முடிவு செய்வார்கள். அதற்கு முந்தின நாள் இரத்தம் கொடுக்க வேண்டும். அந்த வாரம் செங்குத்தான மலைக்குப் போடாமல் பக்கத்து மலைக்குப் போடும்படி கங்காணியிடம் நானும் அக்காவும் போய்க் கேட்டோம், சரி என்று சொல்லியிருக்கிறார்.